பருக வராதவர்களின் கோப்பைகள்



உங்கள் வீட்டு அலமாரியிலும் சில பீங்கான் கோப்பைகள் இருக்கும். பெருநாளன்றும் சம்பந்தி வீட்டார் வரும்போதும் மட்டுமே வெளியே எடுக்கப்படுபவை அவை. அவற்றுள் ஒன்றை, "இது இன்னார் அருந்தியது" என்று, அன்னார் மறைந்த பின்னரும் தனியே எடுத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. என் பாட்டனார் மர்ஹூமான பிறகும், அவர் தேநீர் அருந்திய விளிம்பு உடைந்த கோப்பையை என் உம்மும்மா எவருக்கும் கொடுத்ததில்லை. கழுவுவார், துடைப்பார், இருந்த இடத்திலேயே மீண்டும் வைப்பார். சிறுவனாக இருந்த நான், "உடைந்த கோப்பை எதற்கு உம்மும்மா?" என்று கேட்டேன். "அது அவங்க கோப்பை வாப்பா" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை.

'பீங்கான்' என்னும் சொல்லை நாம் தமிழென்றே எண்ணிப் பழகுகிறோம். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்ற அந்தச் சொல்லே அரபு மொழிக்குச் சென்று 'ஃபின்ஜான்' ஆயிற்று. துருக்கியர் அதை அவ்வாறே ஏற்றனர். உதுமானியர் ஆட்சி பால்கன் மலைநாடுகளில் பரவியபோது அச்சொல்லும் உடன் சென்று, போஸ்னிய மக்களின் நாவில் 'ஃபில்ஜான்' என்று திரிந்தது. நம் ஊர்களில் சஹனில் சோறும் பீங்கானில் குழம்புமாக விருந்து நடக்கிறது. அங்கே ஃபில்ஜானில் காப்பி ஊற்றி விருந்தினரை வரவேற்கிறார்கள். கடல்களும் மலைகளும் கடந்து ஒரு சொல்லால் நமக்கு உறவானவை அக்கோப்பைகள். அவற்றைப் பற்றியே இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன். அவை விருந்துக் கோப்பைகள். ஆயினும் விருந்துக்காக வைக்கப்பட்டவை அல்ல.

போஸ்னியாவின் காப்பி

ஃபில்ஜானுக்குக் கைப்பிடி கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு கிண்ணம் அது. பிறையும் நட்சத்திரமும் தீட்டியவை உண்டு. பூக்கொடி தீட்டியவையும் உண்டு. 'ஜெஸ்வா' எனப்படும் நீண்ட காம்புள்ள செம்புப் பாத்திரத்தில் காப்பித்தூளும் நீரும் பொங்கி வரும். நுரையோடு அதைக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். பக்கத்தில் சர்க்கரைக் கட்டிகள் இருக்கும். வசதியுள்ள வீடாயின் 'ரஹத் லொக்கும்' என்னும் மிட்டாயும் இருக்கும். நாம் நின்றவாறே இரண்டு மிடறு குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவது போன்ற காப்பியன்று இது. அங்கே காப்பி என்றாலே உட்கார்ந்து பேசுவது என்று பொருள். கணவன் மனைவி, அண்டை வீட்டார், தாயும் மணமாகிச் சென்ற மகளும் எனப் பலரின் உறவு அந்தத் தாம்பாளத்தைச் சுற்றியே வளர்கிறது.

ஆதலால், வீட்டில் ஒருவர் இல்லாமற் போனால் அதை முதலில் உணர்த்துவது அந்தத் தாம்பாளமே. ஊற்றப்படாத ஒரு கிண்ணம் மிஞ்சி நிற்கும்.

காவலில் மடிந்தவர்கள்

தமிழில் 'காவல்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காப்பதும் காவல், பிடித்து அடைப்பதும் காவல். ஒருவரைப் பிடித்து அடைப்பவர் அவருடைய உயிருக்குப் பொறுப்பேற்கிறார் என்ற கருத்து அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நம் மார்க்க மொழியில் சொல்வதாயின், கைதி என்பவர் பிடித்தவரின் கையில் ஓர் அமானத். இதை மனத்திற்கொண்டு பின்வருவதைப் படியுங்கள்.

போஸ்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டிய சிறு நகரம் ஸ்ரெப்ரெனிட்சா. 1993 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் அதைப் 'பாதுகாப்புப் பகுதி' என அறிவித்தது. அந்த வாக்கை நம்பிச் சுற்றுப்புற ஊர்களின் முஸ்லிம்கள் அங்கே திரண்டனர். அவர்களைக் காக்க நெதர்லாந்துப் படைப்பிரிவு ஒன்று, அருகிலிருந்த போத்தோச்சாரி என்னுமிடத்தில் பழைய மின்கலத் தொழிற்சாலையில் தங்கியிருந்தது. 1995 ஜூலை 11 அன்று ஜெனரல் ராட்கோ ம்லாடிச்சின் தலைமையில் போஸ்னிய செர்பியப் படை நகரைக் கைப்பற்றியது. பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போத்தோச்சாரிக்கு ஓடிவந்தனர். ஆண்களிற் பெரும்பாலோர் காட்டு வழியே தூஸ்லா நகரை நோக்கி நடந்தனர்.

போத்தோச்சாரியில் பெண்களையும் ஆண்களையும் பிரித்தார்கள். ஆண்களை அருகிலிருந்த வெள்ளை வீடொன்றுக்குக் கொண்டு சென்றார்கள். வாசலிலேயே அவர்களுடைய பைகளும் அடையாளச் சீட்டுகளும் பறிக்கப்பட்டுக் குவிக்கப்பட்டன. பின்னர் அவை எரிக்கப்பட்டன. விசாரித்து விடுவிக்கப்போகும் கைதிக்கு அடையாளச் சீட்டு வேண்டாமா? அந்தக் குவியலைக் கண்டவர்களுக்கு அப்போதே நெஞ்சு நடுங்கியிருக்க வேண்டும்.

காட்டு வழியில் சென்றவர்களுள் பல்லாயிரவர் ஜூலை 13 அன்று பிடிபட்டனர். பலர் உயிருக்கு உறுதி அளிக்கப்பட்டுச் சரணடைந்தவர்கள். அவர்களைக் கிட்டங்கிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அடைத்தார்கள். க்ராவிட்சா என்ற ஊரின் வேளாண் கூட்டுறவுக் கிட்டங்கியில் அன்று மாலையே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஓராஹோவட்ஸ் என்ற ஊரில் அவர்கள் அடைக்கப்பட்டது ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடம். ஜூலை வெயிலில் நெருக்கியடித்துத் தாகத்தால் தவித்த அவர்களைச் சிறு சிறு குழுவாக வெளியே அழைத்தார்கள். வாசலைக் கடக்கும் ஒவ்வொருவருக்கும் குடிக்கச் சிறிது நீர் கொடுத்தார்கள், கண்ணைத் துணியால் கட்டினார்கள், வண்டியில் ஏற்றினார்கள். வண்டி நின்ற இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். பிணங்களுக்கடியில் கிடந்து உயிர் தப்பிய மிகச் சிலர் சொன்ன சாட்சியத்தால்தான் அந்த வாய்த் தண்ணீரைப் பற்றி உலகம் அறிந்தது.

புதைகுழிகளைப் பின்னர் தோண்டியபோது கட்டிய கைக்கயிறுகளும் கண்கட்டுத் துணிகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. போரில் மடிந்தவன் கண்ணைக் கட்டிக்கொண்டு மடிவதில்லை. அவர்கள் கைதிகளாகவே கொல்லப்பட்டார்கள் என்பதற்கு அத்துணிகளே சான்றாயின. போத்தோச்சாரியின் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள எண்ணிக்கை 8,372. சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் இதனை இனப்படுகொலை எனத் தீர்ப்பளித்தது. 2007இல் சர்வதேச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ம்லாடிச்சுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை 2021இல் இறுதியானது. நெதர்லாந்துப் படையின் முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 ஆண்கள் விஷயத்தில் தன் அரசுக்கு 10 விழுக்காடு பொறுப்புண்டு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றமே 2019இல் கூறியது. அமானத்தைப் பத்தில் ஒரு பங்காக அளந்து பார்க்க நீதிமன்றங்களால் முடிகிறது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

விதவையுமல்ல, சுமங்கலியுமல்ல

நான் ஓர் அரபுப் பாடசாலையில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துபவன். எங்கள் பாடநூல்களில் 'மஃப்கூத்' என்றொரு பகுதி உண்டு. காணாமற்போனவரைப் பற்றிய சட்டம் அது. உயிரோடிருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாத ஒருவரின் மனைவி எத்துணைக் காலம் காத்திருப்பது? இத்தா எப்போது தொடங்கும்? சொத்தைப் பங்கிடுவது எப்போது? இமாம் மாலிக் அவர்களின் மத்ஹபில் நான்கு ஆண்டுகள் என்று வரையறை இருக்கிறது. போஸ்னிய மக்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பழைய நூல்களிலோ, அவருடைய வயதொத்தவர்கள் இறக்கும் காலம் வரை என்றிருக்கிறது. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் பெண்களின் துயரை எண்ணி மாலிக்கி வழியை ஏற்றார்கள். மாணவர்கள் இப்பகுதியை ஏதோ பழங்காலக் கப்பல் வணிகருக்காக எழுதப்பட்டது போலப் படித்துக் கடந்துவிடுவார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவின் பெண்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பகுதிக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள்.

1995 செப்டம்பரிலும் அக்டோபரிலும், குற்றத்தை மறைப்பதற்காகப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி உடல்களை வேறிடங்களுக்கு அள்ளிச் சென்று மீண்டும் புதைத்தார்கள். ஒருவரின் எலும்புகளே இரண்டு, மூன்று, நான்கு இடங்களில் சிதறின. மரபணுச் சோதனையால் ஏறத்தாழ 7,000 பேர் இன்னாரென அறியப்பட்டிருக்கிறார்கள். அது பெரும் பணி. ஆயினும் ஒரு தாய்க்கு அதனால் கிடைத்தது என்ன? சில வேளைகளில் ஓர் எலும்பு. அதை அடக்குவதா, மீதி கிடைக்கும்வரை காத்திருப்பதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

கப்ரு இருந்தால் அங்கே நின்று ஸலாம் சொல்லலாம், துஆ கேட்கலாம். கப்ரு இல்லாதவர் எங்கே நிற்பார்?

923 கிண்ணங்கள்

ஐதா ஷெஹோவிச் என்ற போஸ்னியப் பெண் பான்யா லூக்கா நகரில் பிறந்தவர். 1992இல் போர் மூண்டபோது பதின்பருவத்தில் ஊரைவிட்டு வெளியேறித் துருக்கியிலும் ஜெர்மனியிலும் அகதியாக வாழ்ந்து, பின்னர் அமெரிக்கா சென்று கலை பயின்றவர். ஸ்ரெப்ரெனிட்சாவில் கணவரை இழந்த பெண்களுடன் அவர் பேசியபோது, கணவரோடு உட்கார்ந்து காப்பி அருந்திய பொழுதே தங்களுக்கு எல்லாவற்றினும் அதிகமாக நினைவில் வருத்துவதாக அவர்கள் கூறினர். அச்சொல்லிலிருந்து பிறந்ததே 'ஷ்தோ தே நேமா' என்ற நினைவுச் சின்னம். "நீ ஏன் இங்கில்லை?" என்பது அதன் பொருள். பழைய போஸ்னியப் பாட்டொன்றின் பெயரும் அதுவே.

'ஸ்ரெப்ரெனிட்சாப் பெண்கள்' என்ற சங்கத்தினர் முதலில் 923 ஃபில்ஜான்களைத் திரட்டித் தந்தனர். 2006 ஜூலை 11 அன்று அவை சரயேவோ நகரின் பொதுவிடத்தில் தரையில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு நியூயார்க். பின்னர் ஆண்டுக்கொரு நகரமாக தூஸ்லா, தி ஹேக், ஸ்டாக்ஹோம், இஸ்தான்புல், டொராண்டோ, ஜெனீவா, பாஸ்டன், சிகாகோ, சூரிச், வெனிஸ். ஒவ்வோர் ஆண்டும் கிண்ணங்கள் பெருகின. உலகெங்கும் சிதறி வாழும் போஸ்னியக் குடும்பங்கள் தத்தம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவை அவை. 8,372 என்ற எண்ணிக்கையை அடைவதே நோக்கமாக இருந்தது.

இக்கோப்பைகளைக் குயவர் எவரும் நினைவுச் சின்னத்துக்கென்று வனையவில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்ட, கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணக் கிண்ணங்கள். ஆயினும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒன்றில் தங்கக் கோடு தேய்ந்திருக்கும், இன்னொன்றில் பூவின் நிறம் மங்கியிருக்கும். எத்தனையோ கைகள் எத்தனையோ காலைகளில் ஏந்திய தேய்வு அது. எந்தச் சிற்பியின் உளியாலும் அதைச் செதுக்கிவிட முடியாது.

அன்றைய நாளில் நடந்துவந்தது இதுதான். அதிகாலையில் நகரச் சதுக்கத்தின் தரையில் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்குவார்கள். ஒருபுறம் ஜெஸ்வாக்களில் காப்பி கொதித்துக்கொண்டே இருக்கும். வழியே செல்பவர் எவரும் நின்று கேட்கலாம். விரும்பினால் குனிந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றலாம். இன்ன மதத்தார், இன்ன நாட்டார் என்ற பேதம் இல்லை. மேடையும் சொற்பொழிவும் கிடையாது. சதுக்கம் முழுவதும் காப்பி மணம் பரவும், எவரும் பருகமாட்டார்கள். நேரம் செல்லச் செல்ல நுரை அடங்கும், காப்பி ஆறும். மாலையில் காப்பியைக் கொட்டிவிட்டு, கிண்ணங்களைக் கழுவி, அடுத்த ஆண்டுக்கெனப் பெட்டிகளில் அடுக்குவார்கள்.

இதை முதன்முதலில் படித்தபோது என் மனத்தில் எழுந்தது இரக்கமன்று, ஓர் ஆட்சேபணை. ஆயிரக்கணக்கான கிண்ணம் காப்பியை ஊற்றி மண்ணில் கொட்டுவது 'இஸ்ராஃப்' அல்லவா? வீண்விரயம் மார்க்கத்தில் கூடாதென்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். நினைவுச் சின்னம் எழுப்புவது நம் மரபா என்ற கேள்வியும் உடன் வந்தது. இரவு உணவின்போது இதை என் மனைவியிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சஃபர் போன மகன் வருவான்னு சோறு எடுத்து வெச்சு, விடிஞ்சதும் அதக் கொட்டுற உம்மாவ நீங்க வீண்விரயம்னு சொல்வீங்களா?" என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. ஃபத்வா கேட்பவர்கள் அறிஞர்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். இங்கே உருவம் இல்லை, வணக்கம் இல்லை, நேர்ச்சை இல்லை. வராத ஒருவருக்காக ஊற்றி வைத்த கோப்பை மட்டுமே இருக்கிறது. என் உம்மும்மாவின் அலமாரி அப்போது என் நினைவுக்கு வந்தது.

ஓடு சுட்ட ஆலை

ஐதா பிறந்த பான்யா லூக்காவுக்கு மேற்கே ப்ரியேதோர் என்ற நகரம் இருக்கிறது. அவர் நாட்டைவிட்டு வெளியேறிய அதே 1992ஆம் ஆண்டில், அந்நகரின் விளிம்பிலிருந்த ஓர் ஆலை சிறையாக்கப்பட்டது. அதன் பெயர் கெராதெர்ம். என்ன ஆலை தெரியுமா? பீங்கான் ஓடு சுடும் ஆலை. வீடுகளின் தரைக்கும் சுவருக்கும் ஓடு செய்த இடம்.

அதன் சரக்கறைகளில் மே மாத இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை முஸ்லிம்களும் குரோட்டியருமான ஆண்களை அடைத்தார்கள். ஓடு அடுக்கிய அறைகளில் மனிதர்களை அடுக்கினார்கள் என்றால் மிகையன்று; படுக்க இடமின்றி ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தனர். ஜூலையில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பிடித்து வந்தவர்களை மூன்றாம் எண் அறையில் பூட்டினர். ஜூலை 24ஆம் தேதி இரவு அவ்வறையை நோக்கி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிறையின் காவல் பொறுப்பில் இருந்த மூவர் பின்னர் தீர்ப்பாயத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2001 நவம்பரில் 15, 5, 3 ஆண்டுகள் எனத் தண்டனை பெற்றனர். குறைந்த தண்டனை பெற்றவர் தம்மால் இயன்றவரை கைதிகளுக்கு நன்மை செய்ய முயன்றவர் என்று கைதிகளே சாட்சி சொன்னார்கள். அதையும் எழுதாமல் விடுவது நீதியாகாது.

ஆலை வாசலில் இப்போது ஒரு நினைவுக் கல் இருக்கிறது. தப்பியவர்களும் குடும்பத்தாரும் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். ஒருநாள் கூலிக்கு ஓடு சுட்டவர்களே மறுநாள் அந்த ஓடுகள் இருந்த அறையில் கைதிகளாகக் கிடந்திருக்கவும் கூடுமல்லவா என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருகிறது.

கண்கட்டின் கீழே தெரிந்த தரை

ஓடுகளைப் பற்றிப் பேசும்போது வாசகர்களை வேறொரு கண்டத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சாவில் கண்களைக் கட்டியதைப் படித்தீர்கள். தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் கண்களைக் கட்டினார்கள். அங்கே கட்டுக்குக் கீழே தெரிந்த ஓடுகளே பின்னர் சாட்சியாயின. அந்த ஓட்டுத் துண்டுகளையே கையால் பதித்து நினைவிடமும் அமைத்தார்கள்.

1973 செப்டம்பர் 11 அன்று ஜெனரல் பினோசெட் சிலியின் ஆட்சியைக் கைப்பற்றினார். 'தினா' என்னும் இரகசியப் போலீஸ், எதிர்ப்பாளர்களைப் பிடித்துப் பெயர் தெரியாத வீடுகளில் அடைத்தது. அரசு ஏடுகளில் அவர்கள் கைதிகளே அல்லர். எங்கே என்று கேட்ட தாய்மார்க்கு, "அப்படி எவரையும் பிடிக்கவில்லை" என்ற பதிலே கிடைத்தது. கைதிகளின் கண்கள் இரவும் பகலும் கட்டப்பட்டிருந்தன. ஆனால் மூக்கின் ஓரமாகக் கட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு வெளிச்சம் தெரியும். அதன் வழியே அவர்கள் கண்டது தங்கள் காலடித் தரையை மட்டுமே.

தலைநகர் சந்தியாகோவில் லோந்த்ரெஸ் என்னும் தெருவில் 38ஆம் எண் வீடு. அதன் நுழைவுத் தரையில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமான ஓடுகள். தப்பி வந்தவர்கள் அந்தக் கறுப்பு வெள்ளைத் தரையைச் சொல்லியே வீட்டை அடையாளம் காட்டினர். அவ்வீடு முன்பு சோஷலிஸ்டுக் கட்சியின் அலுவலகமாக இருந்தபடியால், சிலருக்கு அந்தத் தரை ஏற்கனவே பழக்கமாயிருந்தது. வாசலின் எண்ணை 38 என்பதிலிருந்து 40 என மாற்றியும் பார்த்தார்கள். எண்ணை மாற்றியவர்களுக்குத் தரையை மாற்றத் தோன்றவில்லை!

நகரின் கிழக்கே மலையடிவாரத்தில் இருந்தது வில்லா கிரிமால்டி. செல்வர் ஒருவரின் தோட்ட மாளிகை. 1978 வரை சுமார் 4,500 பேர் அங்கே அடைத்து வதைக்கப்பட்டனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர். பின்னாளில் சிலியின் குடியரசுத் தலைவரான மிச்செல் பச்சலே அவர்களும், அவருடைய தாயாரும் 1975இல் அங்கே கைதிகளாக இருந்தவர்களே. ஆட்சி முடியும் தறுவாயில் அந்நிலம் ஒரு கட்டட நிறுவனத்துக்கு விற்கப்பட்டு மாளிகை இடித்துத் தள்ளப்பட்டது. வீடுகள் கட்டிவிட்டால் தடயமே இராது. அக்கம்பக்கத்து மக்களும் தப்பியவர்களும் போராடி அந்த நிலத்தை மீட்டனர். 1997 மார்ச்சில் அது அமைதிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

நிலம் கிடைத்தபோது அதில் எஞ்சியிருந்தது இடிபாடு மட்டுமே. அதில் ஏராளமான ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. மாளிகையின் குளியலறைகளிலும் படிக்கட்டுகளிலும் பதித்திருந்தவை; கைதிகள் கண்கட்டின் கீழே கண்டவை. அவற்றைப் பொறுக்கி எடுத்து, சிமெந்தில் ஒவ்வொரு துண்டாகக் கையால் பதித்து, பெயர்ப் பலகைகள் செய்தனர். 'இங்கே வதையறை இருந்தது', 'இங்கே சிறு கொட்டடிகள் இருந்தன' என்று அவை சொல்லும். அப்பலகைகளை உயரத் தூக்கி நிறுத்தவில்லை, தரையிலேயே வைத்தனர். வருபவர் தலையைக் குனிந்துதான் படிக்க வேண்டும். கைதிகள் அவ்விடத்தைக் கண்டதும் அவ்வாறே குனிந்துதான். பளிங்கில் பெரிய தூண் எழுப்பியிருந்தால் இந்த உண்மையைச் சொல்லியிருக்க முடியுமா?

அந்த மாளிகையில் ரோஜாத் தோட்டம் ஒன்றும் இருந்தது. கண் கட்டப்பட்டிருந்த கைதிகள் அதன் மணத்தைக்கொண்டே இடத்தை உணர்ந்தனர். இன்று அங்கே மீண்டும் ரோஜாக்கள் நடப்பட்டு, அச்சர்வாதிகாரத்தில் மடிந்த பெண்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. சந்தியாகோவில் ரோஜா மணம், சரயேவோவில் காப்பி மணம். திட்டமிட்டு அமைந்ததன்று இந்த ஒற்றுமை.

போத்தோச்சாரியில்

ஊர் ஊராகச் சென்ற ஃபில்ஜான்கள் 2020 ஜூலையில், படுகொலையின் 25ஆம் ஆண்டில், போத்தோச்சாரிக்கே வந்து சேர்ந்தன. பெருந்தொற்றுக் காலம் அது. அந்த ஆண்டு 8,372 கிண்ணங்களும் நிறைந்தன. இனி அவை ஊர் ஊராகச் செல்லா என்று ஐதா அறிவித்தார். கணவரையும் மக்களையும் பிரித்தெடுத்த அதே இடத்தில், அன்று அடையாளச் சீட்டுகள் குவிந்து எரிந்த ஊரில், கிண்ணங்கள் வரிசை வரிசையாகத் தரையில் நின்றன; பெண்கள் குனிந்து காப்பி ஊற்றினார்கள்.

2024 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஜூலை 11ஐ நினைவு நாளாக அறிவித்தது. 84 நாடுகள் ஆதரித்தன, 19 எதிர்த்தன, 68 நாடுகள் எப்பக்கமும் சாராமல் ஒதுங்கின. அப்படி ஒரு படுகொலையே நடக்கவில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தீர்ப்புகளைப் படிக்க அவர்களுக்குப் பொறுமை இராது போலும்.

போத்தோச்சாரியின் மைய்யவாடியில் வெள்ளைக் கற்கள் 6,700க்கும் மேல் நிற்கின்றன. ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, அவ்வாண்டில் அடையாளம் காணப்பட்டவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை நடக்கிறது. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குகள் தலைக்கு மேலே கைக்குக் கை மாறிச் செல்கின்றன. அவை மிகவும் இலேசானவை. பலவற்றில் சில எலும்புகளே இருக்கும். முப்பது ஆண்டுகள் நிறைந்த 2025இல் ஏழு பேரை அடக்கினார்கள். அவர்களுள் இருவர் கொல்லப்பட்டபோது 19 வயது இளைஞர்கள். இன்னும் ஆயிரம் பேர் அளவில் வந்து சேர வேண்டியிருக்கிறது.